இளம் அவுட்ஃபீல்டருக்கு மைனர் லீக் இன்னும் தேவையா?

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களிடையே ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் ஒரு சண்டை கிளம்பிவிடும். இருபது, இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் பெரும் எதிர்பார்ப்போடு மேஜர் லீக் அணிக்குள் வந்திருப்பான். நான்கு வாரம் ஆகியும் மட்டையில் பந்து சரியாகப் படாது. "இன்னும் பழுக்கவில்லை, கீழே அனுப்புங்கள்" என்பார்கள் ஒரு சாரார். "இங்கே அடிபட்டால்தான் கற்றுக்கொள்வான், விட்டுவிடுங்கள்" என்பார்கள் மறு சாரார். இரு தரப்பும் வாதாடுவது பேட்டிங் சராசரியைக் காட்டித்தான். அந்தச் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே முடியாது என்பது என் எண்ணம். பிறகு எதைப் பார்ப்பது? பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். ஜோ அடெல் என்ற அவுட்ஃபீல்டரின் (மைதானத்தின் வெளிப்பரப்பில் நின்று பந்தைப் பிடிப்பவர்) கதையைக் கூடவே வைத்துக்கொள்வோம். இந்தக் கேள்விக்குள் இருக்கும் சிக்கல்கள் எல்லாம் அந்த ஒருவர் வாழ்க்கையிலேயே வந்துபோயிருக்கின்றன.

முதலில் மைனர் லீக் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அமெரிக்க பேஸ்பாலின் உச்சத்தில் இருக்கும் மேஜர் லீக்கில் 30 கிளப்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே முழு சீசன் ஆடும் நான்கு அணிகள். கீழிருந்து மேலாக சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. 2021-இல் கொண்டுவந்த மறுசீரமைப்புக்குப் பிறகு மொத்தம் 120 அணிகள். இவற்றுக்கும் அடியில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் உள்ள பயிற்சி மையங்களில் ஆடும் லீக்குகளும், டொமினிக்கன் குடியரசில் ஒரு கோடைக்கால லீக்கும் உண்டு.

நமக்குத் தெரிந்த ரஞ்சிக் கோப்பையை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். மீதிப் பாதியில்தான் முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ரஞ்சியில் ஆடும் தமிழ்நாடு அணிக்குக் கோப்பையை வெல்வதுதான் குறி. மைனர் லீக்கில் வீரருக்கும் பயிற்சியாளருக்கும் சம்பளம் கொடுப்பது மேலே உள்ள மேஜர் லீக் கிளப். யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்தப் பையன் எத்தனை நாள் தொடர்ந்து ஆட வேண்டும், எப்போது அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் மேலிடத்து முடிவு. அங்கே வெற்றி தோல்வி இரண்டாம் பட்சம்தான். ஆளைத் தயார் செய்வதே வேலை. அதனால்தான் ஒரு வீரரைக் கீழே அனுப்புவதைத் தண்டனையாக மட்டும் பார்க்கக் கூடாது. ஆனால் பையனுக்கு அது வலிக்கும் என்பதும் உண்மை. 2023-இல் மைனர் லீக் வீரர்களுக்கு முதன்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தபோது டிரிபிள் ஏ-வில் ஆடுபவருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,800 டாலர். அதே ஆண்டு மேஜர் லீக்கில் குறைந்தபட்சமே 7,20,000 டாலர். ஒரு படிதான் இறங்குகிறார், சம்பளம் இருபதில் ஒரு பங்காகிறது.

அவுட்ஃபீல்டில் நிற்பவருக்கு என்ன தனிக் கஷ்டம்?

அவுட்ஃபீல்டில் மூன்று பேர் நிற்பார்கள். இடது, நடு, வலது. நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டருக்கு வேகமான கால்கள் வேண்டும். இருபுறமும் ஓடிப் பிடிக்க வேண்டிய பரப்பு அவருக்குத்தான் அதிகம். வலதில் நிற்பவருக்கு வலுவான கை வேண்டும், மூன்றாம் பேஸுக்கு (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் மூன்றாவது) எறிய வேண்டிய தூரம் நீளம். இடதில் நிற்பவரிடம் பெரும்பாலும் எதிர்பார்ப்பது மட்டையை.

இதில்தான் விஷயம் இருக்கிறது. பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தை வாங்கும் கேட்ச்சரோ, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்போ .210 அடித்தாலும் (நூறு முறை மட்டை பிடித்து 21 முறைதான் அடித்துப் பேஸை எட்டினார் என்று பொருள்) கிளவ் வேலையால், அதாவது பந்தைப் பிடித்துத் தடுக்கும் திறமையால், அணியில் ஒட்டிக்கொள்ள முடியும். சென்டர் ஃபீல்டருக்கும் ஓரளவு அந்தச் சலுகை கிடைக்கும். ஓரத்தில் நிற்கும் அவுட்ஃபீல்டருக்குக் கிடையாது. அவர் அடிக்கவில்லை என்றால் அணிக்கு அவரால் ஆதாயம் மிகக் குறைவு. ஆகவே இளம் அவுட்ஃபீல்டரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதே அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று கேட்டுவிட வேண்டும்.

மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் 2017-ஆம் ஆண்டின் சிறந்த ஃபீல்டருக்கான பிளாட்டினம் கிளவ் விருது மின்னசோட்டாவின் பைரன் பக்ஸ்டனுக்குப் போனது. 2015-இல் அறிமுகமான அவர் மட்டை ஓடாமல் 2016 முழுக்க மேலும் கீழுமாகப் போய்வந்தவர். ஆனாலும் சென்டர் ஃபீல்டில் அவர் ஓடிப் பிடித்த பந்துகள் அவருக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தன. சிகாகோ கப்ஸின் பீட் குரோ ஆம்ஸ்ட்ராங் கதையும் இதே ரகம். 2023-இல் அறிமுகமானபோது 14 முறை மட்டை பிடித்து ஒரு ஹிட்கூட (அடித்துப் பேஸை எட்டுவது) இல்லை. 2024-இல் சராசரி .237. இடையில் கீழே போய் வந்தாலும், சென்டர் ஃபீல்டில் அவரைப் போல் இன்னொருவர் கப்ஸிடம் இல்லாததால் பொறுத்துக்கொண்டார்கள். 2025-இல் 31 ஹோம் ரன்னும் (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) 35 திருட்டு பேஸும் (பந்து எறியப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) வந்தன.

அடெலுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரத்துப் பள்ளியிலிருந்து, கிளப்கள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2017 டிராஃப்டில் 10-வது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அவரை எடுத்தது. வேகம், பலம், கை எல்லாம் இருந்த பையன். 2018-இல் ஒரே ஆண்டில் மூன்று படிகள் ஏறி 20 ஹோம் ரன் அடித்தார். 2019 மார்ச் மாதப் பயிற்சி ஆட்டத்தில் பேஸ் ஓடும்போது கணுக்காலும் தொடைத் தசையும் ஒருசேரப் போயின. சீசனின் முதல் இரண்டு மாதம் வீண். திரும்பி வந்து டபுள் ஏ-வில் நன்றாக அடித்தார், ஆண்டு முடிவில் டிரிபிள் ஏ-வுக்குப் போனார். அங்கே 27 ஆட்டம், சராசரி .264, ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை.

அந்த 27 ஆட்டங்களைக் கவனியுங்கள். 2020-இல் அவர் டிரிபிள் ஏ-வில் முழு சீசன் ஆட வேண்டியவர். கொரோனாவால் அந்த ஆண்டு மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. ஒரே ஓர் ஆட்டம்கூட இல்லை. ஆகஸ்ட் 4 அன்று, 21 வயதில், நேராக மேஜர் லீக்குக்கு வந்தார்.

ஐந்தே நாளில் அந்தக் காட்சி நடந்தது. ஆகஸ்ட் 9, டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ஆர்லிங்டன் மைதானம். நிக் சோலாக் அடித்த பந்து வலது பக்கம் உயர்ந்து போகிறது. அடெல் பின்னோக்கி ஓடுகிறார், சுவரை நெருங்குகிறார், கிளவ்வை உயர்த்துகிறார். பந்து கிளவ்வுக்குள் வந்து, எகிறி, சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் விழுகிறது. அது சோலாக்கின் கணக்கில் ஹோம் ரன்னாகச் சேரவில்லை. நான்கு பேஸ் கொடுத்த பிழை என்று அடெலின் பெயரில் எழுதினார்கள். பேஸ்பாலில் இப்படி ஒன்றைக் காண்பதே அபூர்வம். அந்த ஆண்டு முடிவில் 38 ஆட்டத்தில் அவர் சராசரி .161. மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழந்தது, அதாவது ஸ்டிரைக் அவுட், 55 முறை.

கையில் வாங்கிய பந்தை விட்டுவிட்ட ஒரு தவறாக இதைப் பார்த்தால் போதாது. சுவர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதை அவுட்ஃபீல்டர் பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே உணர வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் சுவருக்கு முன்னால் புல் இல்லாமல் மண் விரித்திருப்பார்கள். காலில் மண் தட்டினால் இன்னும் சில எட்டு தான் என்று பொருள். பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே முதல் எட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். விளக்கு வெளிச்சத்துக்குள் பந்து மறையும்போது தோளைத் திருப்பி வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். பிடித்த பிறகு யாரை நோக்கி எறிவது என்பது பந்து வருவதற்கு முன்பே மனதில் இருக்க வேண்டும். இவை எல்லாம் நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் உடம்பில் ஊறுகிற விஷயங்கள். மைனர் லீக்கில் கற்றுக்கொள்ளக்கூடியவையும் இவைதான். கிளவ் வேலைக்குப் பந்து எந்த லீக்கில் வந்தாலும் பந்துதான்.

மட்டை வேறு விஷயம்

பந்து எறியும் பிட்ச்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். இன்று மேஜர் லீக்கில் ஒரு சாதாரண வேகப்பந்து மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும். கையை விட்டுப் பிளேட்டை அடைய ஏறக்குறைய 0.4 நொடி. அந்த நேரத்துக்குள் இது நேராக வரும் பந்தா, கடைசியில் சறுக்கி வெளியே போகும் ஸ்லைடரா, வேகம் குறைந்து விழும் சேஞ்சப்பா என்று பிரித்தறிந்து, மட்டையை வீசுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

டபுள் ஏ-வில் வேகம் நிறைய உண்டு. அங்கே இளம் பிட்ச்சர்கள் மணிக்கு நூறு மைலை (சுமார் 160 கிலோமீட்டர்) எட்டிப் பிடிப்பார்கள், ஆனால் குறி தவறும். டிரிபிள் ஏ-வில் கதை மாறும். இருபத்தெட்டு, முப்பது வயதானவர்கள், மேலே போய் இரண்டு மூன்று முறை திரும்பி வந்தவர்கள், வேகம் குறைந்தாலும் பந்தை நினைத்த இடத்தில் போடத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஒரு பையன் வேகப்பந்தை எதிர்பார்க்கும் நேரத்தில் அவர்கள் சேஞ்சப் போடுவார்கள். இந்தப் பாடம் டபுள் ஏ-வில் கிடைப்பது குறைவு.

மேஜர் லீக்கில் வேகம், குறி, தந்திரம் மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும். அதோடு ஒவ்வோர் அணியும் புதிய பேட்டரை ஆராய ஆட்களை வைத்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஒருவர் நன்றாக அடித்தால், மூன்றாவது வாரம் அவருக்கு எந்த இடத்தில் பந்து போட்டால் தடுமாறுவார் என்று எல்லா அணிக்கும் தெரிந்திருக்கும். அதற்கு அவர் பதில் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் கீழே இவ்வளவு கடுமையாக நடக்காது.

டிரிபிள் ஏ புள்ளிவிவரத்தை நம்புவதில் இன்னொரு சிக்கல். டிரிபிள் ஏ-வின் இரு லீக்குகளில் ஒன்றான பசிபிக் கோஸ்ட் லீக்கில் பல மைதானங்கள் உயரமான ஊர்களில் உள்ளன. ஏஞ்சல்ஸின் டிரிபிள் ஏ அணி அடெலின் காலத்தில் ஆடிய சால்ட் லேக் சிட்டி கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஆல்பகர்க்கி 5,000 அடிக்கும் மேலே. காற்று மெலிந்திருப்பதால் பந்து தூரம் போகும், வளைவுப் பந்து குறைவாக வளையும். அங்கே 25 ஹோம் ரன் அடித்தவர் மேலேயும் அப்படி அடிப்பார் என்று கணக்குப் போட்டால் ஏமாறுவோம்.

இப்போது சராசரிக்கு வருவோம். பத்து முறை மட்டை பிடித்து மூன்று ஹிட் அடித்தால் .300. லீக் முழுவதற்குமான சராசரியே அண்மை ஆண்டுகளில் .240-க்கும் .250-க்கும் இடையில்தான் நிற்கிறது. ஒரு மாதத்தில் தினமும் ஆடும் வீரர் சுமார் நூறு முறை மட்டை பிடிப்பார். அதில் 30 ஹிட் என்றால் நட்சத்திரம், 25 என்றால் சாதாரணம், 20 என்றால் கீழே அனுப்பச் சொல்வார்கள். வித்தியாசம் ஐந்து ஹிட். ஃபீல்டர் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால், காற்று மாறி அடித்திருந்தால், அந்த ஐந்து வந்திருக்கும் அல்லது போயிருக்கும். ஒரு மாதச் சராசரியை வைத்து ஒரு பையனின் தலையெழுத்தை எழுதுவது அநியாயம்.

ஆனால் ஸ்டிரைக் அவுட்டும் வாக்கும் அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லாது. ஸ்டிரைக் பகுதிக்கு (பேட்டர் அடிக்கத்தக்க பகுதி) வெளியே நான்கு பந்து போனால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதுதான் வாக். வாக் எடுக்க வேண்டுமென்றால் கெட்ட பந்தை விடத் தெரிய வேண்டும். வெளியே போகும் ஸ்லைடரைத் துரத்தித் துரத்தி வீசுபவருக்கு வாக் குறையும், ஸ்டிரைக் அவுட் கூடும். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. மூன்று நான்கு வாரத்திலேயே ஒரு வடிவம் தெரிந்துவிடும். 2015 முதல் மேஜர் லீக் மைதானங்களில் ஒவ்வொரு பந்தையும் கருவிகள் அளக்கின்றன. பேஸ்பால் சாவன்ட் தளத்துக்குப் போனால் எந்த வீரர் எவ்வளவு கெட்ட பந்துகளைத் துரத்துகிறார் என்பதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். புதிதாக ஆட்டம் பார்ப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த எண்ணைத்தான்.

அப்போது வாஷிங்டன் அணியில் இருந்த ஹுவான் சோட்டோவைப் பாருங்கள். 2018-இல் சீசனைக் கீழ்ப்படியில் தொடங்கியவர், டபுள் ஏ-வில் வெறும் 8 ஆட்டம் ஆடிவிட்டு மே 20 அன்று மேலே வந்தார். வயது 19. டிரிபிள் ஏ-வில் கால் வைத்ததே இல்லை. அந்த ஆண்டு 116 ஆட்டத்தில் சராசரி .292, ஹோம் ரன் 22. என் கண்ணில் பட்டது 79 வாக். பத்தொன்பது வயதில் கெட்ட பந்தை விடும் கண் அவருக்கு இருந்தது. அவரை மைனர் லீக்கில் இன்னும் ஓர் ஆண்டு வைத்திருந்தால் அவருக்குக் கற்றுக்கொடுக்க அங்கே யாரிடமும் எதுவும் மிச்சம் இருந்திருக்காது.

சியாட்டில் மரினர்ஸ் அணியில் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இருவரை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 2021 மே 13 அன்று ஜாரட் கெலனிக் அறிமுகமானார். வயது 21, டிரிபிள் ஏ-வில் அதற்கு முன் ஆடியது 6 ஆட்டம். மேஜர் லீக்கில் 83 முறை மட்டை பிடித்து 8 ஹிட், சராசரி .096. ஜூன் 7-இல் கீழே அனுப்பினார்கள். ஜூலையில் திரும்பி வந்தார், ஆண்டை .181-இல் முடித்தார். 2022-இல் மறுபடியும் அதே கதை. டக்கோமாவில் ஆடும் அவர்களது டிரிபிள் ஏ அணியில் அடிப்பார், மேலே வந்தால் திணறுவார், .141.

அதே 2022-இல் ஹூலியோ ரோட்ரிகஸ், வயது 21, டிரிபிள் ஏ-வில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் டபுள் ஏ-விலிருந்து நேராக அணிக்குள் வந்தார். ஏப்ரல் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட இல்லை, ஸ்டிரைக் அவுட் ஏராளம். அவரையும் அனுப்பச் சொன்னவர்கள் உண்டு. மரினர்ஸ் அனுப்பவில்லை. சென்டர் ஃபீல்டில் நின்றார், பேஸ் திருடினார், அணிக்கு வேறு வழியில் உதவிக்கொண்டே இருந்தார். மே 1 அன்று மயாமியில் முதல் ஹோம் ரன். ஆண்டு முடிவில் 28 ஹோம் ரன், 25 திருட்டு பேஸ், அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக விருது.

கெலனிக்குக்கு டிரிபிள் ஏ-வில் கற்க வேண்டியது 2021-இல் இருந்தது, ஆறு ஆட்டம் போதாது. ஆனால் 2022-க்கு வரும்போது அங்கே இருந்த பிட்ச்சர்களை அவர் ஏற்கெனவே வென்றுவிட்டார். அதற்குப் பிறகும் கீழே அனுப்பினால் தெரிந்த பாடத்தையே திரும்பப் படிக்க வைப்பதாகத்தான் ஆகும்.

கீழே போனது பலித்த இருவர்

ஏஞ்சல்ஸின் மைக் டிரவுட் 2011 ஜூலையில், 19 வயதில் அறிமுகமாகி, 40 ஆட்டத்தில் .220 அடித்தார். 2012 சீசனை சால்ட் லேக்கில் தொடங்கினார். 20 ஆட்டம், .403. ஏப்ரல் 28 அன்று மேலே கூப்பிட்டார்கள். மிச்ச ஆண்டில் .326, 30 ஹோம் ரன், 49 திருட்டு பேஸ். இருபது ஆட்டத்தில் அவர் பெரிதாக என்ன கற்றிருப்பார் என்று கேட்டால், பேட்டிங்கில் அதிகமில்லை என்றுதான் சொல்வேன். முந்தைய ஆண்டு மேலே பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு தினமும் ஆட ஓர் இடம் கிடைத்தது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

இன்னொருவர் மிக்கி மேன்டில். 1950-இல் ஜாப்லின் ஊரில் கிளாஸ் சி என்ற கீழ்நிலை அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். 1951 வசந்தகாலப் பயிற்சியில் அவர் அடித்த அடியைப் பார்த்து நியூயார்க் யாங்கீஸ் மேலாளர் கேசி ஸ்டெங்கல் இடைப்பட்ட படிகளை எல்லாம் தாண்டி நேராக அணியில் சேர்த்துவிட்டார். அதுவும் வலது அவுட்ஃபீல்டில். அந்த இடத்தில் எப்படி நிற்பது, எறிவது என்று ஓய்வுபெற்ற டாமி ஹென்ரிக்கை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜூலையில் ஸ்டிரைக் அவுட் தாங்க முடியாமல் கேன்சஸ் சிட்டி அணிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் முதலில் ஹிட் வரவில்லை. பத்தொன்பது வயதுப் பையன், இனி முடியாது என்று அப்பாவுக்கு ஃபோன் போட்டார்.

அப்பா மட் மேன்டில் ஓக்லஹோமாவில் ஈயம், துத்தநாகம் எடுக்கும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வண்டியை எடுத்துக்கொண்டு மகன் தங்கியிருந்த ஹோட்டலுக்கு வந்தார். ஆறுதல் சொல்வார் என்று மகன் காத்திருக்க, அவர் அறையிலிருந்த துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். ஆட முடியாவிட்டால் வா, என்னோடு சுரங்கத்தில் வேலை செய்யலாம் என்றார். மகன் அழுது, இன்னொரு வாய்ப்புக் கேட்டார். பின்னாளில் மேன்டிலே பலமுறை சொன்ன கதை இது. கேன்சஸ் சிட்டியில் 40 ஆட்டம் முடிந்தபோது சராசரி .361, ஹோம் ரன் 11. ஆகஸ்ட் கடைசியில் யாங்கீஸ் திரும்ப அழைத்தது. போகும்போது சட்டையில் 6-ஆம் எண், வந்தபோது 7.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அப்பாவின் கண்டிப்பைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த 40 ஆட்டம்தான் பெரிதாகத் தெரிகிறது. இடையில் தாண்டிவிட்ட படிகளில் ஒன்றில் அவர் ஒன்றரை மாதம் நின்று தினமும் ஆடினார், புதிதாகக் கற்ற அவுட்ஃபீல்ட் வேலையும் அதோடு சேர்ந்து பழகியது. கீழே போனதால் பலன் இருந்தது, ஏனென்றால் கற்க வேண்டியது அங்கே கிடைத்தது.

விதிகளும் காசும்

இதுவரை சொன்னது ஆட்டம் மட்டும். முடிவெடுக்கும் அறையில் வேறு கணக்குகளும் ஓடும்.

மேஜர் லீக் கிளப் ஒவ்வொன்றும் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். அதிலிருந்து 26 பேர் ஆடும் அணியில். பட்டியலில் உள்ள ஒருவரைக் கீழே அனுப்ப "ஆப்ஷன்" வேண்டும். பொதுவாக ஒரு வீரருக்கு மூன்று சீசன்களுக்கு மட்டுமே அது இருக்கும். ஒரு சீசனில் 20 நாளாவது அவர் கீழே இருந்தால் ஓர் ஆப்ஷன் செலவாகிவிட்டது. மூன்றும் தீர்ந்த பிறகு அனுப்ப நினைத்தால் மற்ற 29 கிளப்களுக்கும் முன்னால் அவரை வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்தது சர்வீஸ் டைம். மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டுக் கணக்கு. ஆறு ஆண்டு சேர்ந்தால் வீரர் சுதந்திரமாக எந்தக் கிளப்புக்கும் போகலாம். ஏப்ரலில் சில வாரம் ஒருவரைக் கீழேயே வைத்திருந்தால் கிளப்புக்கு அவர் ஏறக்குறைய இன்னோர் ஆண்டு மலிவாகக் கிடைப்பார். 2015-இல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 வரை காத்திருக்க வைத்தது. அந்த ஆண்டில் அவருக்குச் சேர்ந்தது 171 நாள். அவர் முறையிட்டார், 2020-இல் தோற்றார். ஆகவே ஒரு கிளப் "இவருக்கு இன்னும் பயிற்சி தேவை" என்று ஏப்ரல் முதல் வாரத்தில் சொன்னால் நாள்காட்டியையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு தகுதியான இளம் வீரரை முதல் நாளிலிருந்தே ஆட வைக்கும் கிளப்புக்கு, அவர் விருதுகளில் மேலே வந்தால், டிராஃப்டில் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஹூலியோ ரோட்ரிகஸை ஆட வைத்த மரினர்ஸுக்கு அப்படிக் கிடைத்தது. மில்வாக்கி ப்ரூவர்ஸ் வேறு வழி பிடித்தது. ஜாக்சன் சூரியோ ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, 2023 டிசம்பரில், 8 ஆண்டுக்கு 8.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. நாள் எண்ண வேண்டிய தேவையே போய்விட்டது. 2024-இன் முதல் இரண்டு மாதம் இருபது வயது சூரியோ திணறியபோதும் கையை விடவில்லை. முடிவில் 21 ஹோம் ரன், 22 திருட்டு பேஸ்.

அடெலுக்கு வருவோம். 2021-இல் ஏஞ்சல்ஸ் அவரை டிரிபிள் ஏ-வில் தொடங்க வைத்தது. அது சரியான முடிவு, ஓராண்டு தாமதமாக வந்த முடிவு. 73 ஆட்டத்தில் 23 ஹோம் ரன். ஆகஸ்டில் மேலே வந்தபோது முந்தைய ஆண்டின் பதற்றம் குறைந்திருந்தது, .246. அவரை அப்படியே ஆட விட்டிருக்கலாம். 2022 மே மாதம் மறுபடியும் கீழே அனுப்பினார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். அந்த ஆண்டு மேஜர் லீக்கில் 88 ஆட்டத்தில் 107 ஸ்டிரைக் அவுட். 2023-இல் பெரும்பாலும் சால்ட் லேக். அங்கே 24 ஹோம் ரன், மேலே 17 ஆட்டம் மட்டும். டிரிபிள் ஏ-வில் பந்தைச் சுவருக்கு மேலே அனுப்பத் தெரியும் என்பதை அவர் எத்தனை முறைதான் நிரூபிப்பது? அவருடைய குறை வெளியே சறுக்கிப் போகும் நல்ல ஸ்லைடர். அந்தத் தரத்து ஸ்லைடரை தினமும் பார்க்க ஒரே ஓர் இடம்தான் உண்டு, அங்கிருந்துதான் அவரை மாறி மாறி இறக்கினார்கள். 2022-23 ஆண்டுகளை வீணான ஆண்டுகளாகத்தான் நான் பார்க்கிறேன்.

2024-இல் விதி தலையிட்டது. மூன்று ஆப்ஷனும் தீர்ந்துபோயின. கீழே அனுப்பினால் வேறு யாராவது கொத்திக்கொண்டு போவார்கள். வேறு வழியின்றி அணியிலேயே வைத்தார்கள், 130 ஆட்டம் ஆடினார். சராசரி .207-தான். ஆனால் 20 ஹோம் ரன், ஸ்டிரைக் அவுட் விகிதமும் 2022-ஐவிட நன்றாகக் குறைந்தது. இன்னொன்று, வலது அவுட்ஃபீல்டில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதின் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நான்கு ஆண்டுக்கு முன் ஆர்லிங்டனில் பந்தைச் சுவருக்கு அப்பால் தட்டிவிட்ட அதே ஆள். 2025-இல் 152 ஆட்டம், 37 ஹோம் ரன்.

ஆகவே ஓர் இளம் அவுட்ஃபீல்டர் திணறும்போது நான் கேட்டுப் பார்ப்பது இவற்றைத்தான்: டிரிபிள் ஏ-வில் போதிய ஆட்டம் ஆடியிருக்கிறாரா? கெட்ட பந்தைத் துரத்துவது வாரத்துக்கு வாரம் குறைகிறதா, கூடுகிறதா? கிளவ்வாலும் காலாலும் இடைக்காலத்தில் அணிக்கு உதவ முடிகிறதா? மேலேயே வைத்துக்கொண்டால் தினமும் ஆட வைப்பார்களா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் மற்றவற்றைப் பார்க்கவே வேண்டாம், உடனே கீழே அனுப்பிவிடலாம். இருபத்தொரு வயதில் பெஞ்சில் உட்கார்ந்து வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடுபவர் எந்த லீக்கிலும் வளர மாட்டார். தினமும் ஆடுகிறார், டிரிபிள் ஏ-வை ஏற்கெனவே அடித்து முடித்துவிட்டார், ஆனாலும் இங்கே .200-இல் நிற்கிறார் என்றால் நான் அவரை விட்டுவைப்பேன்.

அடெலின் கணக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. 37 ஹோம் ரன் அடித்த 2025-லும் அவர் சராசரி .236. வாக் குறைவு என்பதால் பேஸுக்குப் போன விகிதம் .300-ஐத் தொடவில்லை. வெளியே போகும் ஸ்லைடரை விடக் கற்கும் வேலை இருபத்தாறு வயதிலும் பாக்கி இருந்தது, அதை அவர் மேஜர் லீக்கிலேயே தினமும் ஆடிக்கொண்டு செய்கிறார்.